நாற்பது விநாடித் தாமதம்

1

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் மகள் என்னிடம் ஒரு பொய் சொன்னாள். மூன்று பதின்மூன்றுக்கு நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததும் முதலில் வந்தது பெருமைதான். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டெக்சாஸில் இருக்கும் இந்த இர்விங் ஊருக்கு நான் வந்து இந்தத் தீபாவளியோடு இருபத்திரண்டு வருடம் முடிந்தது. அன்றிலிருந்து ஒரே தொழில்தான். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது. எழுதியவர் வந்து எல்லாம் நன்றாக ஓடுகிறது என்பார். அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எந்த விநாடியில் எது நடந்தது, எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பதிவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், தப்பு தானாக வெளியே வந்து நிற்கும். அலுவலகத்தில் இதற்குக் கைதட்டுவார்கள். வீட்டில் நிலைமை வேறு. ஓசியில் எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன். தெருவில் புதிதாக ஒருவர் சிரித்தால், என்ன விற்க வந்திருக்கிறார் என்று பார்ப்பேன். "பெத்த புள்ள சிரிச்சாலும் இந்த மனுசன் ரசீது கேப்பாரு" என்பது என் மனைவி சுமதியின் புகார்.

2

அபி எங்களுக்கு ஒரே பெண். ஆகஸ்டில்தான் கல்லூரியில் சேர்ந்தாள். காரில் போனால் மேற்கே ஐந்து மணி நேரம். விடுதி அறையில் ரைஸ் குக்கர் வைக்கக் கூடாது என்ற விதியைச் சுமதி மூன்று முறை படித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். படுக்கை விரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த வாரமே அபி தன் போனில், தான் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை அணைத்துவிட்டாள். பேட்டரி தீர்ந்துபோகிறதாம். பேட்டரியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

தினமும் கூப்பிடுவோம். எங்களிடம் இருந்த கேள்விகள் மூன்றே மூன்று. சாப்பிட்டாயா, குளிர்கிறதா, யாரோடு இருக்கிறாய். மூன்றாவதைத்தான் நாங்கள் இருவருமே அதிகம் கேட்போம். எங்கள் கோபிச்செட்டிப்பாளையத்துப் பேச்சில் அது "ஆரோட இருக்கற கண்ணு?" என்று வரும். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் இரண்டு வார்த்தையில். வித் ஃப்ரெண்ட்ஸ். எந்த ஃப்ரெண்ட்ஸ் என்று கேட்டால் கிளாஸுக்கு நேரமாகிவிடும்.

இந்த வறட்சியில்தான் ஃபுட்பால் வந்து கைகொடுத்தது. ஊரில் இருப்பவர்கள் நினைக்கும் கால்பந்து இல்லை இது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிர் ஆட்கள் நாலைந்து பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து அந்தப் பக்கம் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டால் டச் டவுன், ஆறு புள்ளி. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து மேஜைக்காரர் டேல். டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவர். மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு ஊரே ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு திரளும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் பாலிடெக்னிக்கில் கிரிக்கெட் நடந்தால் பார்வையாளர்கள் ஒன்பது பேர். அவர்களும் அடுத்து மட்டை பிடிக்கக் காத்திருப்பவர்கள்.

முதல் ஆட்டத்துக்கு அபி போனாள். அறைத் தோழி மேடிசனோடு எடுத்த படம் வந்தது. இருவர் கன்னத்திலும் வண்ணப் பூச்சு. நான் இங்கே சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து இணையத்தில் ஆட்டத்தைப் பார்த்தேன். பாதி புரிந்தது, மீதியைப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன். குடும்பக் குரூப்பில் அவள் அங்கிருந்து எழுதுவாள், நான் இங்கிருந்து எழுதுவேன். பத்து வயதுக்கு அப்புறம் அவள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அதனால் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

3

ஒரே ஒரு எரிச்சல் இருந்தது. என் திரையில் ஆட்டக்காரன் இன்னும் ஓடிக்கொண்டே இருப்பான், அதற்குள் அபியிடமிருந்து 'டச் டவுன்!' என்று செய்தி வந்துவிடும். திங்கட்கிழமை டேலிடம் சொன்னேன். அவர் சிரித்தார். மைதானத்தில் நடப்பது இணையம் வழியாக நம் வீட்டுக்கு வந்து சேர நாற்பது விநாடி ஆகும், உன் மகள் உனக்கு நாற்பது விநாடி முந்தி இருக்கிறாள் என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. இரண்டாவது ஆட்டத்தில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பது. ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். சந்தேகம் எதுவும் இல்லை, தொழில் பழக்கம்.

மூன்றாவது ஆட்டம்தான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை. என் திரையில் மூன்று பதினொன்றுக்கு டச் டவுன் விழுந்தது. அபியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. விளம்பரம் ஓடியது. மூன்று பன்னிரண்டுக்குச் செய்தி வந்தது. ஸ்டேடியமே அதிர்கிறது, காது கிழிகிறது என்று எழுதியிருந்தாள்.

என் திரைக்கே நாற்பது விநாடி தாமதம். அதற்கும் பின்னால் வருகிறது அவள் செய்தி. மைதானத்தில் இருப்பவளுக்கு வீட்டில் இருப்பவனுக்குப் பிறகா தெரியும்? அவ்வளவு கூட்டத்தில் போன் சிக்னல் திணறும் என்று திங்கட்கிழமை டேல் ஒரு காரணம் சொன்னார். முதல் இரண்டு ஆட்டத்திலும் அதே கூட்டம்தானே என்று கேட்டேன். அவர் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் மைதானத்தில் இல்லை. அப்படியென்றால் எங்கே இருக்கிறாள்? அதைவிட, யாரோடு இருக்கிறாள்?

4

நான் பிறவியிலேயே இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் சுமதிக்கு விசா வாங்கச் சென்னையில் வரிசையில் நின்றோம். உண்மையான கல்யாணம்தான் என்று நிரூபிக்க எல்லோரும் ஆல்பம் தூக்கிக்கொண்டு போவார்கள். நாங்களும் வெல்வெட் அட்டை போட்ட ஆல்பத்தைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு என்றேன். அத்தனை பேரையும் உனக்குத் தெரியுமா என்றார். தெரியாது, அப்பாவுக்குத் தெரியும் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சுமதி என் மனைவிதானா என்று ஒருவர் யோசிப்பதை நேருக்கு நேர் நின்று பார்த்தவன் நான். அன்றைக்குத் தொற்றியது. பிறகு ஒவ்வொரு விமான நிலையத்திலும், கிரீன் கார்டுக்கு எழுதிய ஒவ்வொரு பதிலிலும் அது வளர்ந்தது. நம்மைச் சந்தேகப்பட்டவர்களிடமிருந்துதான் நாம் இதைக் கற்றுக்கொள்கிறோம்.

பொய் சொல்லியும் எனக்கு அனுபவம் உண்டு. அதனால்தான் அடுத்தவர் பொய் எனக்குச் சட்டென்று பிடிபடுகிறது. வந்த முதல் வருடம் இங்கே ஒரு அபார்ட்மென்டில் தனியாக இருந்தேன். ஞாயிறு தோறும் போன் கார்டு வாங்கி ஊருக்குக் கூப்பிடுவேன். துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்டுக் கேட்டு, ஒரு நாள் ரமேஷ் என்று ஒருவனை உண்டாக்கினேன். ரமேஷுக்குச் சொந்த ஊர் கரூர், நன்றாக ரசம் வைப்பான், நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். ஆறு மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. அந்தத் தம்பியிடம் போனைக் கொடு, ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று அம்மா கேட்டபோது, ரமேஷைக் கலிபோர்னியாவுக்கு மாற்றலாக்கி அனுப்பிவிட்டேன். அம்மா அவனுக்காக ஒரு வாரம் வருத்தப்பட்டாள்.

இப்படிப்பட்ட என்னிடமா ஒரு பதினெட்டு வயதுப் பெண் தப்பிக்க முடியும்?

5

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஐந்து எண்களை மாற்றி மாற்றி அழுத்திய பின் ஒரு பெண்மணி வந்தார். மாணவரின் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது, அப்படி ஒரு மாணவி அங்கே படிக்கிறாரா என்பதைக்கூடச் சொல்ல முடியாது என்றார். நான் அவளுடைய தகப்பன், சின்னதாக ஒரு டவுட்தான் என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கேள்வி என்பதற்கு அந்த வார்த்தைதான் என் வாயில் வருகிறது. அவர் கொஞ்சம் தயங்கி, மகளைச் சந்தேகப்படுகிறீர்களா சார் என்று கேட்டார். பிறகு, நீங்கள் அவளிடமே கேட்கலாமே என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி போனை வைத்தார். நல்ல யோசனைதான். எனக்கு அது ஒரு யோசனையாகவே படவில்லை.

அதற்குப் பதிலாக நாங்கள் அலுவலகத்தில் செய்வதைச் செய்தேன். தவறான தகவலை வேண்டுமென்றே உள்ளே விட்டு, அமைப்பு அதை மறுக்கிறதா, விழுங்குகிறதா என்று பார்ப்போம். நான்காவது ஆட்டத்தின் நடுவில் குரூப்பில் எழுதினேன்: பந்தைக் கீழே போட்டுவிட்டு நின்றானே பதினேழாம் நம்பர் பையன், பார்த்தாயா? பதினேழாம் நம்பர் பையன் காலில் அடிபட்டு அன்றைக்கு ஆட்டத்துக்கே வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. ஹஹா, ஆமாம்பா, க்ரேஸி.

விழுங்கிவிட்டாள். மைதானத்திலும் இல்லை, திரையிலும் பார்க்கவில்லை. ஸ்கோரை மட்டும் போனில் பார்த்து எனக்குக் கதை விடுகிறாள். ஜெயித்த சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தேன். நாலு அடி நடந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் ஜெயித்தது யாரை?

சுமதியிடம் தாளைக் காட்டினேன். விநாடிக் கணக்கை அவள் பார்க்கவே இல்லை. நேராக அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"பையன்தாங்க. வேற என்ன இருக்கும்? ஆட்டத்துக்குப் போறேன்னு நமக்குச் சொல்லீட்டு அவங்கூடச் சுத்தறா."

அதை நானும்தான் நினைத்திருந்தேன், ஆனால் அவள் வாயில் கேட்டதும் உட்கார முடியவில்லை. எந்தப் பையன், என்ன படிக்கிறான், குடிப்பானா, கார் ஓட்டுவானா, குடித்துவிட்டுக் கார் ஓட்டுவானா. அந்த இரண்டு வாரத்தில் இல்லாத ஒருவனுக்கு முகம், தாடி, பச்சைக் குத்து எல்லாம் என் மண்டைக்குள் முளைத்துவிட்டன. அவளோ தினமும் போனில் வித் ஃப்ரெண்ட்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

6

ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் அபியிடம் சொல்லாமல் கிளம்பினேன். இடுப்பு வலியோடு சுமதியால் ஐந்து மணி நேரம் காரில் உட்கார முடியாது. புளிசாதம் கட்டிக் கொடுத்துவிட்டு, கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பாத்துட்டு வாங்க. ஆனா போலீஸ்காரனாட்டப் போய் நிக்காதீங்க. அவ மூஞ்சி சுண்டிப்போயிரும்."

வழியெல்லாம் மேற்கு டெக்சாஸ். வானமும் காற்றாலைகளும்தான். இருபது மைலுக்கு முன்பே கார்களில் அந்தக் கல்லூரியின் கொடி பறக்க ஆரம்பித்தது. ஊருக்குள் பாதித் தெருக்களை ஆட்டத்துக்காக அடைத்திருந்தார்கள். விடுதிப் பக்கம் நின்ற காவலாள் பாஸ் கேட்டார். மகளுக்குச் சாப்பாடு என்று டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். அவர் டப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு போகச் சொன்னார்.

விடுதியைச் சுற்றி ஈ காக்கை இல்லை. இரண்டு தெரு தள்ளி மைதானம் அலறிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்தபடி குரூப்பில், எங்கே இருக்கிறாய் கண்ணு என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. ஸ்டேடியம்பா, எல்லாரும் இருக்கோம்.

இறங்கி நடந்தேன். ஏதாவது ஒரு கார் வரும், அதில் அவன் இருப்பான், இவள் இறங்குவாள். என்ன பேசுவது என்று ஆங்கிலத்தில் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். கட்டடத்தின் ஓரத்தில் தரைமட்டத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. உள்ளே துணி துவைக்கும் அறை. இருபது மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அபி உட்கார்ந்திருந்தாள்.

கூட யாரும் இல்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு யாரும் வரவில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மைதானத்திலிருந்து பெரும் சத்தம் எழுந்தது. அவள் தலை நிமிர்ந்து சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், போனில் எதையோ தேடினாள், பிறகு தட்டினாள். என் கையில் போன் அதிர்ந்தது. டச் டவுன் அப்பா, வி ஆர் கோயிங் நட்ஸ் ஹியர். அதை எழுதும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. ரேஷன் படிவம் நிரப்புகிறவர் முகம் மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நிம்மதி. பையன் இல்லை. மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அறையில் இருந்த மற்ற பத்தொன்பது மெஷின்களும் கண்ணில் பட்டன.

7

கண்ணாடியில் தட்டினேன். துள்ளி இறங்கி வந்து கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். செக் பண்ண வந்தீங்களா என்று கேட்டாள். நான் டப்பாவை நீட்டினேன்.

அவள் அழவில்லை. மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து, ஸ்பூன் இல்லாமல் கையாலேயே சாப்பிட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மேடிசன் இரண்டாவது ஆட்டத்தோடு ஏதோ ஒரு பெண்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள், அறைக்குத் தூங்கத்தான் வருகிறாள். ஆட்டத்துக்கு எல்லோரும் கூட்டமாகப் போவார்கள். தனியாக ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு போய் எங்கே உட்காருவது என்று இவளுக்குத் தெரியவில்லை. ஆட்ட நேரத்தில்தான் மெஷின் எல்லாம் காலியாக இருக்கும், அதனால் சனிக்கிழமை துணி துவைக்க வந்துவிடுவாளாம். ஃபுட்பால் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நான் ஆசையாகப் பார்க்கிறேனே என்று ஸ்கோரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது, நீ பேசுவாய் என்றுதான் பார்த்தேன் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும், ஃப்ரெண்ட்ஸ் ஃப்ரெண்ட்ஸ் என்று ஏன் சொன்னாய், எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் விரலில் ஒட்டியிருந்த கடலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"டெய்லி கேப்பீங்க அப்பா. ஆரோட இருக்கற, ஆரோட இருக்கற. நோபடினு எத்தன தடவ சொல்றது? ஸோ, ஐ கேவ் யூ ஸம்படி."

மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும்போது, எந்த இடத்தில் யார் எழுதிய வரியில் அது ஆரம்பித்தது என்று கடைசியில் எழுதித் தர வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தெரிந்துபோனது. தெரிந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போது சுமதி கூப்பிட்டாள். அவளோடு நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் என் கையெல்லாம் புளிசாதம். போனை மெஷின் மேல் வைத்தபடியே ஸ்பீக்கரை அழுத்தினேன். ஸ்பீக்கரில் இருக்கிறது என்று சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, பாத்தீங்களா? கூட ஆரு இருந்தா?"

"ஆருமே இல்ல சுமதி. தனியாத்தான் இருந்தா."

"அப்பாடா" என்றாள் சுமதி. "மாரியாத்தா என் வயித்துல பால வாத்தா."

அபி சாப்பிடுவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, கோபம் எதுவும் இல்லாமல், அவள் அம்மாவின் தமிழிலேயே சொன்னாள்:

"அம்மா, அது நல்ல விஷயம் இல்லம்மா."

அந்தப் பக்கம் சுமதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்று நானும் அதே 'அப்பாடா'வைத்தான் சொன்னேன் என்பதை அபியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.